வயிற்றுப் புற்றுக்குக் காரணம் விதியா? கிருமியா?

(மயிலாப்பூரில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் வயிறு. வயிற்றைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு பொதுக்கூட்டமா என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் லஸ் முனையிலோ கச்சேரி ரோட்டிலோ உள்ள எந்த மருந்துக்கடை வாசலிலாவது ஒரு நாழிகை நின்று பாருங்கள். "நெஞ்சு எரிகிறது, ஒரு மாத்திரை கொடு", "வாயு பிடித்துக்கொண்டது, பச்சைத் தண்ணீர் மருந்து ஒரு புட்டி கொடு" என்று வருகிறவர்களுக்குக் கணக்கிருக்காது. டாக்டர் சீட்டும் கிடையாது, பரிசோதனையும் கிடையாது. இருபது வருஷமாக அதே மாத்திரையை விழுங்கிக்கொண்டு, "நம் உடம்பு வாகு அப்படி" என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இந்தக் கூட்டத்திலேயே பலர் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் நாம் பேச வந்தோம்.

நம் ஜனங்கள் வயிற்று வலிக்குச் சொல்லும் காரணங்களை முதலில் ஒரு வரிசையாக வைத்துப் பார்ப்போம். ஒருவர் தலைவிதி என்கிறார். ஒருவர் சனி பார்வை என்கிறார். ஒருவர் கண் திருஷ்டி என்கிறார். கிராமத்துப் பக்கம் போனால், பிடிக்காதவர்கள் சோற்றில் மருந்து வைத்துவிட்டார்கள் என்று இடுமருந்து எடுப்பவனிடம் கூட்டிப் போகிறார்கள். அவன் எதையோ குடிக்கக் கொடுத்து வாந்தியெடுக்க வைத்து, தன் விரலிடுக்கில் ஒளித்து வைத்திருந்த மயிர் உருண்டையை எடுத்துக் காட்டி, "இதுதான் வைத்த மருந்து" என்று பணம் வாங்கிக்கொள்கிறான். குழந்தைக்கு வயிறு சரியில்லை என்றால் தொக்கம் எடுக்கிறார்கள். இத்தனைக்கும் பிறகு நோயாளிக்கு மிஞ்சுவது என்ன? வலி அப்படியே இருக்கிறது. வைத்தியத்துக்கு வைத்திருந்த பணம் போய்விட்டது. மருந்து வைத்தாள் என்ற பழி வீட்டுக்கு வந்த மருமகள் தலையிலோ, அடுத்த வீட்டுக்காரி தலையிலோ விழுந்துவிட்டது. எல்லாவற்றையும்விட மேலாக, காலம் போய்விட்டது. போன காலம்தான் திரும்பி வராத நஷ்டம் என்பதைப் பின்னால் விளக்குவோம்.

படிக்காதவர்கள்தான் இப்படி என்று படித்தவர்கள் சிரிக்க வேண்டியதில்லை. படித்தவர்களுக்கும் ஒரு மூடநம்பிக்கை வெகுகாலம் இருந்தது. வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் மிளகாய், புளி, காப்பி, கவலை, கோபம் என்று உலகத்துப் பெரிய டாக்டர்களெல்லாம் சொன்னார்கள். புத்தகங்களில் அப்படியே அச்சடித்தார்கள். நம் தென்னாட்டில் இந்தப் புண் அதிகம் என்பது பழைய சங்கதி. எவரெஸ்ட் மலையேற 1922-லும் 1924-லும் போன கூட்டத்தில் ஒருவரான சாமர்வெல் என்னும் வெள்ளைக்கார டாக்டர், அன்று திருவாங்கூரில் சேர்ந்திருந்த நெய்யூர் ஆஸ்பத்திரியில் கால் நூற்றாண்டு காலம் வேலை பார்த்து, இந்தப் புண்ணுக்காக எத்தனையோ ஏழைகளின் வயிற்றைத் திறந்து, இரைப்பையையும் குடலையும் வேறு வழியாக இணைத்துத் தைத்தார். பிற்காலத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் வேலை பார்த்தார். அவர் கைத்திறனைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ஆனால் அக்காலத்தில் புண்ணை அறுக்கத் தெரிந்ததே தவிர, அது ஏன் வந்தது என்பது உலகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியாத இடத்தில் "நீ உண்ணும் உணவின் குற்றம், உன் மனசின் குற்றம்" என்று நோயாளியின் மேலேயே பழி போடப்பட்டது. தலைவிதி என்று சொன்ன பழைய பாட்டிக்கும், கவலை என்று சொன்ன புதிய டாக்டருக்கும் இந்த ஒரு விஷயத்தில் பெரிய வித்தியாசமில்லை.

நிற்க. உண்மை எப்படி வெளிவந்தது என்பதைக் கவனியுங்கள்.

இரைப்பையில் சுரக்கும் அமிலம் வெகு கடுமையானது. அதில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்பது வேதவாக்காக இருந்தது. 1954-இல் அமெரிக்காவில் பால்மர் என்பவர் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் இரைப்பைத் துணுக்குகளைச் சோதித்துவிட்டு, கிருமி இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். அதோடு அந்த ஆராய்ச்சி ஏறக்குறைய மூடப்பட்டது. கிரேக்க நாட்டில் லிக்குடிஸ் என்ற சாதாரண ஊர் டாக்டர் 1958 முதல் கிருமிக்கொல்லி மருந்து கொடுத்து வயிற்றுப் புண்ணை ஆற்றி வந்தார். அந்நாட்டு அதிகாரிகள் அவருக்குப் பரிசா கொடுத்தார்கள்? அபராதம் போட்டார்கள்!

பிறகு 1979-இல் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து ராயல் பெர்த் ஆஸ்பத்திரியில் ராபின் வாரன் என்பவர் நோயாளிகளின் இரைப்பைத் துணுக்குகளைப் பூதக்கண்ணாடியில் பார்க்கும்போது, வளைந்த சிறு கிருமிகள் இருப்பதைக் கண்டார். எங்கெங்கே கிருமி இருந்ததோ அங்கெல்லாம் வீக்கமும் இருந்தது. 1981-இல் பாரி மார்ஷல் என்ற இளம் டாக்டர் அவரோடு சேர்ந்தார். கிருமியைத் தட்டில் வளர்க்கப் பல தடவை முயன்றும் முளைக்கவில்லை. 1982-இல் ஈஸ்டர் விடுமுறை வந்தது. வழக்கமாக இரண்டு நாளில் தூக்கி எறிய வேண்டிய தட்டுக்கள் ஐந்து நாள் அப்படியே கிடந்தன. திறந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது! அதற்கு இரண்டு நாள் போதவில்லை என்பதுதான் அதுவரை இருந்த ரகசியம். விடுமுறை என்னவோ பண்டிகைக்கு விட்டதுதான். ஆனால் தட்டைத் திறந்து பார்த்தது மனிதனுடைய அறிவு.

கிருமி இருக்கிறது என்று காட்டியும் பெரியவர்கள் நம்பவில்லை. "புண் வந்த பிறகு வந்து குடியேறிய கிருமியாக இருக்கலாமே" என்றார்கள். கேள்வி நியாயமான கேள்விதான். மார்ஷல் என்ன செய்தார்? "எங்கள் குரு சொன்னார், நம்புங்கள்" என்று சொல்லவில்லை. 1984-இல் தன் இரைப்பை சுத்தமாக இருப்பதை முதலில் குழாய் விட்டுப் பார்த்துக்கொண்டு, பிறகு அந்தக் கிருமி வளர்ந்த குழம்பைத் தானே குடித்தார். சில நாட்களில் குமட்டல், வாந்தி, வாய் நாற்றம் எல்லாம் வந்தன. பத்தாம் நாள் மறுபடியும் சோதித்தபோது இரைப்பை வீங்கியிருந்தது, கிருமி குடியிருந்தது. பிரத்தியட்சப் பிரமாணம் என்பது இதுவல்லவா? அந்தக் கிருமிக்கு இன்று வழங்கும் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. வாரனுக்கும் மார்ஷலுக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. வாரன் 2024-இல் காலமானார். இப்படி நோபல் பரிசு பெற்றார்கள் என்பதற்காக நீங்கள் இதை நம்ப வேண்டாம். கிருமியைக் கொன்றால் புண் ஆறுகிறது, ஆறின புண் மீண்டும் வருவது வெகுவாகக் குறைகிறது என்பதை உலகமெங்கும் யார் வேண்டுமானாலும் செய்து பார்க்க முடிகிறது. அதனால் நம்புங்கள்.

இனி நாம் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறோம். இந்தக் கிருமி புண்ணோடு நிற்பதில்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், 1994-இல் இதை மனிதருக்குப் புற்று உண்டாக்கும் என்று நிச்சயமாகத் தெரிந்த முதல் வகுப்பில் சேர்த்தது. இரைப்பையில் வரும் புற்றில் இரண்டு வகையை இங்கே சொல்ல வேண்டும். ஒன்று, இரைப்பையின் உட்தோலிலேயே உண்டாகும் சாதாரணப் புற்று. மற்றொன்று, இரத்தத்தின் வெள்ளையணுக்களில் ஒரு இனமாகிய நிணநீர் அணுக்களிலிருந்து உண்டாகும் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்று. இரண்டாவது வகை அபூர்வமானது. ஆனால் அறிவுள்ளவன் படிக்க வேண்டிய பாடம் அதில்தான் அதிகம்.

அது எப்படி உண்டாகிறது? ஒரு உதாரணம் சொல்லுகிறோம். நல்ல இரைப்பையில் நிணநீர் அணுக்களின் கூட்டம் முகாம் போட்டிருப்பதில்லை. அது, திருட்டுப் பயமில்லாத வீட்டில் காவலாள் இல்லாதது போல. கிருமி என்ற திருடன் நுழைந்தவுடன் உடம்பு காவலாட்களை அனுப்புகிறது. அவர்கள் வந்து முகாம் போடுகிறார்கள். திருடனோ சளிப் படலத்துக்குள் ஒளிந்துகொண்டு, பத்து வருஷமானாலும் இருபது வருஷமானாலும் போவதில்லை. திருடன் போகாததால் காவலாட்களும் போவதில்லை. மேலும் மேலும் பெருகுகிறார்கள். இப்படிக் கணக்கில்லாமல் பெருகும்போது, ஒரு அணுவின் பிறவிக் கட்டளையில் பிழை விழுகிறது. அந்தப் பிழைபட்ட அணுவின் சந்ததி மட்டும் வளர்ந்து கட்டியாகிறது. காவலுக்கு வந்தவனே வீட்டைப் பிடித்துக்கொண்ட கதைதான். இதற்கு மால்ட் லிம்போமா என்று பெயர். 1983-இல் இங்கிலாந்தில் ஐசக்சன், ரைட் என்ற இருவர் இதைத் தனி வகையென்று பிரித்துக் காட்டினார்கள்.

இதற்கும் கிருமிக்கும் சம்பந்தம் உண்டு என்பதற்கு ருசு என்ன என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும், கேட்காமல் நம்புகிறவனுக்கு நாம் பேசிப் பயனில்லை. ருசு நான்கு.

முதலாவது, 1991-இல் லண்டனில் வாதர்ஸ்பூன், ஐசக்சன் முதலியவர்கள் இந்த வகைப் புற்று வந்த 110 பேரின் இரைப்பைத் துணுக்குகளைச் சோதித்தார்கள். நூற்றுக்கு 92 பேரிடம் கிருமி இருந்தது.

இரண்டாவது, புற்று வந்த பிறகு கிருமி வந்திருக்கலாமே என்ற ஆட்சேபணைக்குப் பதில். 1994-இல் பார்சனட் என்ற அம்மையாரும் அவர் தோழர்களும் 2,30,593 பேர் அடங்கிய இரண்டு பெரிய கூட்டங்களில், முன்பே எடுத்துச் சேமித்து வைத்திருந்த இரத்தத்தைப் பார்த்தார்கள். பிற்காலத்தில் இரைப்பை லிம்போமா வந்த 33 பேரின் பழைய இரத்தத்தில், நோய் வராதவர்களின் இரத்தத்தைவிட வெகு அதிகமாகக் கிருமியின் அடையாளம் இருந்தது. கிருமியுள்ளவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஆறு மடங்கு என்று கணக்காயிற்று. இரத்தம் எடுத்ததற்கும் நோய் கண்டதற்கும் நடுவில் பல வருஷங்கள். ஆகவே கிருமி முந்தியது, புற்று பிந்தியது. இன்னொன்றும் பாருங்கள்: உடம்பின் வேறு இடங்களில் வந்த லிம்போமாவுக்கு இந்தச் சம்பந்தம் காணப்படவில்லை.

மூன்றாவது, 1993-இல் புற்று அணுக்களைத் தனியே கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்துப் பார்த்தார்கள். கிருமியைச் சேர்த்தால் அணுக்கள் பெருகின. கிருமியில்லாவிட்டால் பெருகவில்லை. அதாவது ஆரம்பக் காலத்தில் இந்தப் புற்று கிருமியை நம்பியே பிழைக்கிறது.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. அதே 1993-இல் இந்த நோய் ஆரம்ப நிலையிலிருந்த 6 பேருக்கு, கத்தியும் வைக்காமல், புற்று மருந்தும் ஏற்றாமல், கிருமிக்கொல்லி மாத்திரை மட்டும் கொடுத்தார்கள். கிருமி செத்தது. 5 பேருக்குப் புற்று மறைந்தது!

தோழர்களே! இதைச் சற்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். புற்று என்ற சொல்லைக் கேட்டாலே "விதி முடிந்தது" என்று அழுகிற நாடு இது. வந்தவன் பெயரைக்கூடச் சொல்லாமல் "அந்த வியாதி" என்று சாடையாகச் சொல்லுகிற நாடு இது. அப்படிப்பட்ட புற்றில் ஒரு வகை, பதினாலு நாள் மாத்திரையில் பின்வாங்குகிறது. அதற்குப் பிறகு உலகமெங்கும் செய்து பார்த்ததில், இரைப்பையோடு நிற்கிற ஆரம்ப நிலையில் பிடித்தால், கிருமியை ஒழித்த மாத்திரத்தில் நாலில் மூன்று பேருக்கு இது மறைகிறது என்று தெரிகிறது. சிலருக்குச் சில மாதம், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம். விடாமல் குழாய் விட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மீதி ஒருவருக்கு ஏன் மறையவில்லை? சிலருக்கு அணுவின் உள்ளே இரண்டு இழைகள் உடைந்து இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. அப்படியானால் அந்த அணுவுக்குக் கிருமியின் தயவு வேண்டியதில்லை. காவலாள் தனக்கென்று சொந்தக் களஞ்சியம் கட்டிக்கொண்ட பிறகு, திருடனை விரட்டினால் அவன் போவானா? அவர்களுக்குக் கதிர் வைத்தியமும் மற்ற மருந்துகளும் உண்டு. அவற்றாலும் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். ஆனால் கவனிக்காமல் விட்டால் இந்த மந்தமான புற்று வேகமான புற்றாக மாறவும் கூடும். நாம் முதலில் "போன காலம்தான் நஷ்டம்" என்று சொன்னது இதற்காகத்தான். மாத்திரைக்கு அடங்கும் காலம் ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தைத்தான் இடுமருந்து எடுப்பவனும், பரிகாரம் சொல்லும் ஜோசியனும், கேட்டவுடன் வாயு மாத்திரை எடுத்துக் கொடுக்கும் கடைக்காரனும் நம்மிடமிருந்து பறித்துக்கொள்கிறார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இதைக் கேட்டுவிட்டு, நெஞ்செரிச்சல் உள்ளவர்களெல்லாம் தங்களுக்குப் புற்று என்று பயந்துகொண்டு வீட்டுக்குப் போக வேண்டாம். ஒரு பயத்தை ஒழித்து இன்னொரு பயத்தைக் குடியேற்றுவது பகுத்தறிவு ஆகாது. நம் நாட்டில் வயது வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் இந்தக் கிருமி இருக்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுவதும் ஒரு கெடுதியும் தெரிவதில்லை. சிலருக்குப் புண் வருகிறது. வெகு சிலருக்குச் சாதாரண இரைப்பைப் புற்று வருகிறது. லிம்போமா ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது. கிருமி இவ்வளவு அதிகமாயிருந்தும், ஜப்பான் போன்ற நாடுகளைப் பார்க்க, இந்தியாவில் இரைப்பைப் புற்று குறைவு. இது ஏன் என்று ஆராய்ச்சிக்காரர்கள் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். கிருமியின் ஜாதி, மனிதனின் பிறவிக் கூறு, உப்பு, புகையிலை எல்லாம் சேர்ந்தே முடிவு செய்கின்றன. ஆனால் இந்தியாவுக்குள் நம் சென்னை அவ்வளவு நிம்மதியாக இருக்க முடியாது. இங்கிருந்து ஆற்றைத் தாண்டினால் அடையாறு. அங்கே, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954-இல் 12 படுக்கைகளோடு ஆரம்பித்த புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்ட அதே அம்மையார்தான். அந்த ஸ்தாபனம் 1981 முதல் சென்னையில் யாருக்கு என்ன புற்று வருகிறது என்று பதிவு செய்து வருகிறது. அந்தப் பதிவில் ஆண்களின் புற்றுக்களில் இரைப்பைப் புற்று வெகுகாலமாக முன்வரிசையில் நிற்கிறது. ஜாதகத்தில் எழுதியிருப்பதாகச் சொல்லுவதற்கும், ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் எழுதியிருப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். பின்னதைப் பார்த்து நாம் ஏதாவது செய்ய முடியும்.

இந்தக் கிருமி எப்படி வருகிறது? பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், வீட்டிலேயே, ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வாய் வழியாகவும், அசுத்தமான கை, தண்ணீர் வழியாகவும் வருகிறது. ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் நெருங்கி வாழுமிடத்திலும், நல்ல தண்ணீரும் கக்கூசும் இல்லாத இடத்திலும் அதிகம். "மருந்து வைத்துவிட்டார்கள்" என்றார்களே, வாயில் ஏதோ போனது உண்மைதான். ஆனால் வைத்தவர் ஒருவருமில்லை. ஆகவே தாயையோ மருமகளையோ குற்றம் சொல்லாதீர்கள்.

இந்த மயிலாப்பூரில் மடி, ஆசாரம், தீட்டு என்பவற்றுக்குக் குறைவில்லை. நாம் கேட்பது, அந்த ஆசாரத்தில் சோப்புக்கு இடமுண்டா என்பதுதான். யார் தொட்டார் என்று பார்க்கிற ஆசாரம், தொட்ட கை கழுவிய கையா என்று பார்ப்பதில்லை. குளத்துத் தண்ணீர் தீர்த்தமா, குழாய்த் தண்ணீர் மட்டமா என்று கிருமி விசாரிப்பதில்லை. தண்ணீர் சுத்தமா என்பது ஒன்றுதான் அதற்குக் கணக்கு. அக்கிரகாரத்து வயிறு, சேரி வயிறு என்ற வித்தியாசமும் அதற்குத் தெரியாது. ஆனால் நெருக்கடியான குடிசையும் கெட்ட தண்ணீரும் யார் தலையில் கட்டப்பட்டிருக்கிறதோ, அவர்கள் வயிற்றில் அது சுலபமாகக் குடியேறுகிறது. ஆகையால் இது டாக்டர் விஷயம் மாத்திரமல்ல. நல்ல வீடும் நல்ல தண்ணீரும் எல்லோருக்கும் வேண்டும் என்கிற சமத்துவ விஷயமும் ஆகும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

வயிற்றுத் தொந்தரவு வாரக்கணக்கில் விடாமல் இருந்தால் டாக்டரிடம் போங்கள். காரணமில்லாமல் உடம்பு இளைத்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ, இரத்தம் வாந்தியெடுத்தாலோ, விழுங்க முடியாவிட்டாலோ, சோகை பிடித்தாலோ ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். குழாய் விட்டுப் பார்ப்பதற்குப் பயப்பட வேண்டாம். அது சில நிமிஷ வேலை. அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரிகளில் அந்த வசதி இருக்கிறது. சிறு துணுக்கு எடுத்துச் சோதித்தால்தான் புண்ணா, புற்றா, எந்தப் புற்று என்பது தெரியும். கிருமி உண்டா என்பதை மட்டும் அறிய மூச்சுப் பரிசோதனையும் மலப் பரிசோதனையும் இருக்கின்றன. ஆனால் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைத் தின்றுகொண்டே சோதனைக்குப் போனால், கிருமி இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும். ஆகவே என்ன மாத்திரை தின்கிறோம் என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள்; அவர் நிறுத்தச் சொன்னால் இரண்டு வாரம் நிறுத்திவிட்டுப் போங்கள்.

கிருமி உண்டென்று டாக்டர் மருந்து கொடுத்தால், பதினாலு நாள் என்றால் பதினாலு நாளும் சாப்பிடுங்கள். நாலாம் நாள் வலி நின்றது என்று நிறுத்தினால், செத்தது பலவீனமான கிருமி. பிழைத்தது பலமான கிருமி. நம் நாட்டில் கிருமிக்கொல்லி மருந்துகளைக் கண்டபடி கடையில் வாங்கித் தின்றதன் பலனாக, பல மருந்துகளுக்கு இந்தக் கிருமி இப்போதே அசைவதில்லை. ஆகவே நாம் பேசியதைக் கேட்டுவிட்டு நேரே மருந்துக்கடைக்குப் போகாதீர்கள். மருந்து முடிந்து ஒரு மாதம் கழித்து, கிருமி ஒழிந்ததா என்று மறுபடியும் சோதித்துக்கொள்ளுங்கள். வலி நின்றது வேறு, கிருமி ஒழிந்தது வேறு.

தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதைச் சாப்பிட்டு, வலி வந்தால் சொல்லாமல் ஒரு டம்ளர் மோரைக் குடித்துவிட்டுப் படுப்பது பதிவிரதா தர்மம் என்று உங்களுக்குக் கற்பித்திருக்கிறார்கள். அது தர்மமல்ல. புருஷன் வயிற்றுக்கு டாக்டர் உண்டானால் பெண்சாதி வயிற்றுக்கும் உண்டு. நோயை மறைப்பதால் குடும்பத்துக்கு எந்த நன்மையும் இல்லை.

முடிவாக நாம் சொல்லுவது இதுதான். எவர் சொன்னாலும், பாட்டி சொன்னாலும், பட்டம் பெற்ற டாக்டர் சொன்னாலும், நாமே சொன்னாலும், "காரணம் என்ன? ருசு என்ன?" என்று கேளுங்கள். வாரனும் மார்ஷலும் அப்படிக் கேட்டதால்தான் ஒரு புற்று மாத்திரைக்கு அடங்கியது. விதி என்று ஒப்புக்கொண்டிருந்தால் அந்தத் தட்டைத் திறந்து பார்த்திருக்கவே மாட்டார்கள். நாளைக் காலையில் மருந்துக்கடைப் படியேறும்போது, இந்த மாத்திரையை எத்தனை வருஷமாகத் தின்கிறோம், எதற்காகத் தின்கிறோம் என்று உங்களையே ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். பதில் தெரியாவிட்டால் கடைப் படியை விட்டிறங்கி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.